பொய்ச்சாட்சி கூறும் அட்டைகள்

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த நாம் திரும்பிப் பார்த்தோம். பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு மாணவன், பாடநூலுக்குள் வேறொரு நூலை மறைத்துவைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பறித்தோம். பழுப்பேறிய ஆங்கில நூல். நடைபாதைக் கடையில் வாங்கியதாம். அட்டையிலே ஓர் இளமங்கை. கையற்ற உடை, கழுத்தின் எல்லையை மறந்து கீழே இறங்கிவிட்ட உடை. பக்கத்திலே கட்டுடல் காட்டும் ஆடவன். பார்த்தோம், பதறினோம். “இதற்காகவா பெற்றோர் உன்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள்?” என்று வகுப்பே கேட்கும்படி கடிந்தோம். மற்ற மாணவர் சிரித்தனர். அவன் தலை குனிந்தான். நூல் மேசையறைக்குள் போயிற்று. நாமோ, ஒழுக்கத்தைக் காத்துவிட்ட பெருமிதத்தோடு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில்தான் நூலின் பெயரைப் படித்தோம். ‘1984’! எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். அடக்குமுறை ஆட்சி மனிதனின் மனத்துக்குள்ளேயும் காவலாளை நிறுத்தும் கொடுமையை எடுத்துக்காட்டிய நூல். கல்லூரியில் நாம் பாடமாகப் பயின்ற நூல். தேர்வுத் தாளில் அதுபற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம்! அந்த நூலைத்தான், அட்டையை மட்டும் பார்த்துச் சிறையிட்டிருந்தோம்.

திருப்பிக் கொடுத்தபோது மாணவன் கேட்டான்: “ஐயா, பாதி படித்துவிட்டேன். கதையிலே வரும் ஜூலியா தொழிலாளி போல முழு அங்கி அணிந்தவள். அட்டையிலே இருக்கும் இந்தப் பெண் யார்?”

கூசினோம். பட்டம் பெற்ற நாம் கேட்காத கேள்வியை அவன் கேட்டான். யார் இவள்? எங்கிருந்து வந்தாள்? தேடத் தொடங்கினோம்.

அவள் பிறந்த இடம் அமெரிக்கா. பிறப்பித்தது மலிவுத் தாள். 1896ஆம் ஆண்டு பிராங்க் மன்சி என்னும் வெளியீட்டாளர், தம்முடைய ‘ஆர்கசி’ ஏட்டை முழுக்க முழுக்கக் கதை ஏடாக மாற்றினார். மரக்கூழால் செய்த சொரசொரப்பான தாள். ஓரம் வெட்டாத பக்கங்கள். விலை 10 சென்ட். கூழுக்கு ஆங்கிலத்தில் ‘பல்ப்’ என்று பெயர். அதுவே அந்த ஏடுகளின் குலப்பெயர் ஆயிற்று. சில ஆண்டுகளில் பழுப்பேறி நொறுங்கிப்போகும் தாள் அது. ஆனால் அட்டை மட்டும் வழவழப்பான தாளில், நான்கு வண்ணத்தில்! உள்ளே கூழ், வெளியே பாயசம். துப்பறியும் கதை, காதற்கதை, மாட்டிடையர் கதை, பேய்க்கதை என்று நூற்றுக்கணக்கான ஏடுகள் கடையிலே தொங்கும்போது, ஒன்றைவிட ஒன்று உரக்கக் கூவவேண்டியிருந்தது. கூவியது அட்டை.

எல்லாக் கூவலும் இழிந்த கூவல் அன்று. 1926 ஏப்ரலில் ஹூகோ கெர்ன்ஸ்பாக் என்பார் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்னும் அறிவியல் கதை ஏட்டைத் தொடங்கினார். முதல் அட்டையைத் தீட்டியவர் பிராங்க் பால். ஆஸ்திரியாவில் பிறந்தவர், கட்டட வரைகலை பயின்றவர். வளையம் சூழ்ந்த சனிக்கோள் வானை அடைத்துக்கொண்டு நிற்க, பனியின்மேல் மனிதர் சறுக்கி விளையாடும் காட்சி அது. சனி என்றால் நம்மவர் எள் விளக்கைத் தேடுவர். பாலோ அங்கே வளையத்தைக் காட்டினார், வழியைக் காட்டினார்! அவருடைய மனிதர்கள் மரப்பொம்மைகள்தாம், ஒப்புக்கொள்கிறோம். அவருடைய பொறிகளும் விண்கலங்களும் நகரங்களுமோ உயிருள்ளவை.

அதே ஆண்டு டிசம்பர் இதழில் ஒரு புதுமை செய்தனர். பெருங் கப்பலொன்று வானிலே கோளம் போன்ற கலத்தோடு தொங்குவதாகப் பால் ஓர் அட்டை தீட்டினார். அதற்குக் கதையே இல்லை! படத்துக்கு ஏற்ற கதையை எழுதி அனுப்புங்கள், பரிசு உண்டு என்று வாசகரை அழைத்தது ஏடு. மூன்றாம் பரிசு பெற்றவர் கிளேர் விங்கர் ஹாரிஸ் என்னும் பெண்மணி. பெண்ணுக்கு அறிவியல் கதை எழுத வருமா என்ற வியப்பை ஆசிரியர் மறைக்கவில்லை. பரிசை மறுக்கவும் முடியவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க்கடை வைத்திருந்த ஒருவர், கடையில் விற்கும் கூழ்த்தாள் ஏடுகளைத் தம் மகன் தொடக்கூடாது என்று தடுத்திருந்தார். 1929இல் ‘சயன்ஸ் ஒண்டர் ஸ்டோரிஸ்’ என்ற ஏடு வந்தது. அதன் அட்டைகளும் பால் தீட்டியவையே. “பெயரிலேயே அறிவியல் இருக்கிறதே, அப்பா!” என்று வாதாடி ஒப்புதல் பெற்றான் ஒன்பது வயதுச் சிறுவன். அவன்தான் ஐசக் அசிமோவ்; பின்னாளில் நூற்றுக்கணக்கான நூல்களால் அறிவியலை எளிய மக்களுக்குக் கொண்டு சென்ற பகுத்தறிவாளர். தந்தை நம்மைப்போல அன்று பறித்துப் பூட்டியிருந்தால்? எண்ணிப்பார்க்கவே அஞ்சுகிறோம்.

ஆக, அட்டை என்பதே தீங்கு என்று கூறிவிட முடியாது. பிறகு நம் கேள்விக்கு உரிய மங்கை எங்கே நுழைந்தாள்?

1923இல் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ என்னும் மருட்கதை ஏட்டைப் பாருங்கள். 1932 முதல் அதன் அட்டைகளில் மெல்லிய பாஸ்டல் வண்ணத்தில் பெண்கள் தோன்றலாயினர். ஆடை குறைந்தவர், ஆடை அற்றவர், பலிபீடத்திலே கிடத்தப்பட்டவர், சங்கிலியால் பிணைக்கப்பட்டவர். 1933 செப்டம்பர் இதழின் அட்டையில், கட்டுண்டு நிற்கும் ஒரு பெண்ணை மற்றொரு பெண் சவுக்கால் அடிக்கிறாள். ராபர்ட் ஹவார்டு எழுதிய கோனன் கதைக்கான படம் அது. கதையின் நாயகன் வாளேந்திய வீரன். அட்டையில் அவனுக்கு இடமில்லை! படத்தின் கீழே ‘எம். பிரண்டேஜ்’ என்ற கையெழுத்து. யாரோ ஓர் ஆடவன், காமக் கண் படைத்தவன் என்றுதான் வாசகர் எண்ணினர். 1934இல் உண்மை வெளிப்பட்டது. எம். என்றால் மார்கரெட்!

இந்த இடத்தில் நம் பேனா சற்றே தயங்குகிறது. காரணம், மார்கரெட் பிரண்டேஜ் அம்மையார் நம் போன்றோர் கூடும் அவையிலே பழகியவர். சிகாகோவில் ‘டில் பிக்கிள் கிளப்’ என்றொரு மன்றம் இருந்தது. மதத்தை மறுப்போர், தொழிலாளர் போராளிகள், கவிஞர், ஊர்சுற்றிகள் எல்லாரும் கூடி நின்று வாதிட்ட மன்றம். அங்கேதான் அவர் தம் கணவர் ஸ்லிம் பிரண்டேஜைக் கண்டார். கணவர் நல்ல பேச்சாளர்; வீட்டுக்குப் பொருள் கொண்டுவருவதிலே அவ்வளவு நல்லவர் அல்லர். மணவாழ்வு முறிந்தது. மகனையும் தாயையும் காப்பாற்றும் சுமை அம்மையாரின் வண்ணக்கட்டியின்மேல் விழுந்தது. ஓர் அட்டைக்கு 90 டாலர். பென்சில் வரைவுகள் சிலவற்றைக் கொண்டுபோய்க் கொடுப்பார்; எதைத் தீட்டுவது என்று தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர். அட்டையில் இடம்பிடிக்கவே தம் கதையில் ஆடை களையும் காட்சியொன்றைச் சேர்த்த எழுத்தாளரும் உண்டு என்பர்.

அம்மையாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா? வறுமையை வழக்கறிஞராக வைத்து விடுவிப்பதா? இரண்டும் நமக்கு உவப்பாக இல்லை. அவருடைய கோடு திறமையான கோடு. சவுக்கின் கீழே துவளும் பெண்ணைத் தீட்டிய கையும் அதே கைதான். சுதந்தரம் பேசிய மன்றத்திலிருந்து வந்த பெண்ணே அடிமைப் பெண்ணைத் தீட்டித்தான் அடுப்பெரிக்க முடிந்தது என்றால், குற்றம் அந்தக் கையோடு நின்றுவிடவில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

பெண் ஒருத்தி மட்டுமா? அட்டையின் மற்றொரு மூலையைப் பாருங்கள். அங்கே கத்தியோடு நிற்பவன் யார்? மஞ்சள் முகம், நீண்ட நகம், சாய்ந்த கண். 1935இல் ‘தி மிஸ்டீரியஸ் வூ பாங்’ என்று ஓர் ஏடு. அடுத்த ஆண்டு ‘டாக்டர் யென் சின்’ என்று மற்றோர் ஏடு. சீனன் என்றால் சூழ்ச்சிக்காரன், வெள்ளை நங்கையைக் கவர வந்தவன். அட்டை ஒவ்வொன்றும் ஓதியது இதுதான். வெறும் பொழுதுபோக்கா? சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழையக்கூடாது என்று 1882இல் சட்டம் செய்த நாடு அது. 1943 வரை அந்தச் சட்டம் நீக்கப்படவில்லை. இந்தியன் குடியுரிமைக்குத் தகுதியற்றவன் என்று அதன் உச்சநீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்தது. சட்டமன்றத்தில் எழுத்தாக இருந்த வெறுப்பு, பெட்டிக்கடையில் படமாகத் தொங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் படத்தைப் படிப்பான் அல்லவா?

எனவே, “அட்டையில் உடல் தெரிகிறதே!” என்று கூக்குரலிடும் கூட்டத்தோடு நாம் சேரமாட்டோம். உடல் தெரிவதில் என்ன குற்றம்? பெண் எப்போதும் இரையாகவும், வேற்றினத்தான் எப்போதும் விலங்காகவும், வெள்ளை ஆடவன் எப்போதும் மீட்பனாகவும் தெரிவதுதான் குற்றம். போர்த்திய படத்திலும் அந்தப் பொய் ஒளிந்திருக்கக்கூடும்.

1939இல் மற்றொரு மாறுதல். ராபர்ட் டி கிராப் என்பவர் ‘பாக்கெட் புக்ஸ்’ என்ற பெயரில் 25 சென்ட் விலைக்குக் காகித அட்டை நூல்களைக் கொண்டுவந்தார். பெருநகரங்களைத் தாண்டினால் நல்ல புத்தகக் கடை காண்பது அரிது. ஆகவே இந்நூல்கள் மருந்துக்கடையிலும் புகைவண்டி நிலையத்திலும், ஏடுகள் தொங்கிய அதே கம்பிகளில் தொங்கின. கல்லூரி வாயிலை மிதிக்காத தொழிலாளியும் உலகின் சிறந்த நூல்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அரிய புரட்சி அது, வாழ்த்துகிறோம். ஆனால் ஏடுகள் தொங்கிய கம்பியில் தொங்கியதால், ஏடுகளின் நோயும் நூல்களுக்குத் தொற்றியது. ஏட்டுக்கு அட்டை தீட்டிய ஓவியர் பலர் இங்கும் வந்தனர்.

விளைவு? நகைப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் எர்ஸ்கின், திராய் நகரத்து ஹெலன் போர் முடிந்து வீடு திரும்பிய பின் நடக்கும் குடும்ப வாதங்களை வைத்து 1925இல் ஒரு நாவல் எழுதினார். பக்கம் பக்கமாக உரையாடல். நாவன்மைதான் அங்கே போர்க்களம். 1948இல் ‘பாப்புலர் லைப்ரரி’ அதை மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. ருடால்ப் பெலார்ஸ்கி தீட்டிய அட்டையில், மெல்லிய துகிலின் ஊடே மார்பகம் தெரிய நிற்கிறாள் ஹெலன். அந்தத் துகிலை நம்பி வாங்கிய ஏழை, வீட்டுக்குப் போய்ப் பேராசிரியரின் வாதங்களைப் படித்து என்ன பாடுபட்டானோ!

ஆர்வெலின் கதி நாம் முன்பே கண்டது. 1950இல் ‘சிக்னெட்’ வெளியீடு. அட்டை ஆலன் ஹார்மன் தீட்டியது. இறங்கிய கழுத்துடைய ஜூலியாவின் உடையிலே ‘பாலுணர்வு எதிர்ப்புக் கழகம்’ என்ற வில்லை வேறு! ஆர்வெல் அதே ஆண்டு சனவரியில் மறைந்துவிட்டார்; மறுப்புக் கூற அவர் இல்லை.

தெரெஸ்கா தோரெஸ் அம்மையார் இருந்தார், பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் பிரான்சு வீழ்ந்தபின், இலண்டனில் டி கால் திரட்டிய விடுதலைப் படையில் பணியாற்றியவர் அவர். அங்கே பெண்கள் வாழ்ந்த வாழ்வை, அவர்களின் தனிமையையும் அன்பையும் வைத்து ‘விமன்ஸ் பாரக்ஸ்’ என்ற நாவலை எழுதினார். 1950இல் ‘கோல்ட் மெடல்’ அதை வெளியிட்டது. அட்டையில் பெண்கள் உடை மாற்றும் அறை! நூல் இலட்சக்கணக்கில் விற்றது. நாட்டுக்காகச் சீருடை அணிந்த பெண்களை, சீருடை களையும் பெண்களாக மட்டுமே கண்டான் வணிகன்.

“நாங்கள் என் செய்வோம்? படமில்லாவிட்டால் மக்கள் வாங்கமாட்டார்களே!” என்று வணிகர் கூறுவர். பொய், தோழர்களே, கலப்பற்ற பொய்! 1935இல் ஆலன் லேன் இங்கிலாந்தில் பெங்குவின் நூல்களைத் தொடங்கினார். அட்டையில் படமே இல்லை. இரண்டு வண்ணப் பட்டை, பெயர், ஒரு சிறு பறவை. ஆறு பென்ஸ் கொடுத்து மக்கள் அள்ளிச் சென்றனர். அமெரிக்காவிலேயே சான்று உண்டு. 1943 முதல் 1947 வரை, போர்வீரர்களுக்கென்று ஏறத்தாழ 12 கோடி நூற்படிகளை இலவசமாக அச்சிட்டு அனுப்பினர். அவற்றின் அட்டையில் மூலநூலின் முகப்பு சிறு படமாக இருக்கும், மற்றது எழுத்து. பதுங்கு குழியிலும் மருத்துவமனைக் கட்டிலிலும் வீரர்கள் அவற்றைக் கிழியும்வரை படித்தனர். இருபது வயது இளைஞர்கள்! உழவர், சுரங்கத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள். அவர்களுக்குச் சவுக்கும் துகிலும் தேவைப்படவில்லை. எளியவன் நல்லதை விரும்பமாட்டான் என்பது எளியவனின் இயல்பு அன்று. அவனைப்பற்றி வணிகன் கொண்ட மதிப்பீடு. மாணவன் கேட்ட கேள்விக்கு நாம் கண்ட விடை இதுவே: அந்தப் பெண் ஜூலியா அல்லள். வாங்க வருவோனைப்பற்றி விற்பவன் மனத்தில் இருந்த எண்ணம்தான் அவ்வுருவில் நிற்கிறது.

வணிகனை எதிர்த்து எழுந்தவர்களாவது வாசகனை மதித்தார்களா? 1952இல் அமெரிக்கப் பேராயம், ஆர்க்கன்சாசு மாநிலத்துக் காதிங்சு என்பவர் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. மலிவு நூல்களும் ஏடுகளும் நாட்டின் ஒழுக்கத்தைக் கெடுக்கின்றனவா என்று ஆராய்ந்தனர். அட்டைப் படங்களைக் கண்டித்தனர். தோரெஸ் அம்மையாரின் நூலையும் கூண்டில் ஏற்றினர். வணிகன் அட்டையைக் காட்டி விற்றான். குழு அட்டையைக் காட்டி வைதது. வாசகன் அட்டைக்கு மேல் எதையும் காணமாட்டான் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. விசாரணைக்குப் பின் அட்டைப் பெண்கள் கொஞ்சம் ஆடை அணிந்தனர். பொய் அப்படியே இருந்தது. மேசையறையைப் பூட்டிய நம் கைக்கும் அந்தக் குழுவுக்கும் எவ்வளவு தொலைவு என்று கேட்காதீர்கள், அளந்து பார்த்துவிட்டோம்.

வழி இருந்தது, அதைக் காட்டியவர் ஜேம்சு அவாட்டி. 1940களின் இறுதியில் சிக்னெட் நூல்களுக்கு வந்து சேர்ந்த ஓவியர். நியூ செர்சி மாநிலத்தில் தம் ஊரைச் சுற்றியிருந்த எளிய மனிதரையே நிறுத்திப் படம்பிடித்து, அதைப் பார்த்துத் தீட்டினார். உரிந்த சுவர், ஒழுங்கற்ற படுக்கை, வேலை முடித்துக் களைத்த உடல், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் முகம் திருப்பிக்கொள்ளும் கணவனும் மனைவியும். எர்ஸ்கின் கால்டுவெல் எழுதிய ஏழை வெள்ளையர் வாழ்வுக்கு அவர் அட்டைகள் தீட்டினார். (நம் மொழியின் தொன்மையை எடுத்துரைத்த கால்டுவெல் வேறு, இளைஞர் குழம்பவேண்டா.) கறுப்பின மக்களையும் அவர் தீட்டினார், விலங்காக அல்ல, வாடகைக்கும் கூலிக்கும் கவலைப்படும் மனிதராக. ரால்ப் எலிசன் எழுதிய ‘இன்விசிபிள் மேன்’ அவருடைய அட்டையோடுதான் 25 சென்ட், 50 சென்ட் உலகத்துக்குள் நுழைந்தது. அவர் அட்டையிலும் தோள் தெரியும், கால் தெரியும். ஆனால் அந்தத் தோளுக்கு உரியவள் ஏதோ எண்ணிக்கொண்டிருப்பாள். எண்ணும் பெண்ணை இரையாக்குவது எளிதன்று.

அவாட்டியும் எல்லாரையும் மகிழ்விக்கவில்லை. ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவலுக்கு 1953இல் அவர் தீட்டிய அட்டையைச் சாலிஞ்சர் வெறுத்தார். சிவப்புத் தொப்பியோடு, பெட்டி தூக்கிய இளைஞன் கேளிக்கை விடுதித் தெருவில் நிற்கும் படம். 1964இல் பதிப்பகமே மாறியபோது, படமே கூடாது, எழுத்து மட்டும் போதும் என்றார் சாலிஞ்சர். செம்மண் நிற அட்டையில் மஞ்சள் எழுத்து, வேறொன்றும் இல்லை. எழுத்தாளனின் உரிமையை மதிக்கிறோம். எனினும் அவாட்டியின் அந்தப் படத்தில் பொய்யில்லை. கதையில் நிற்கும் பையன்தான் படத்திலும் நிற்கிறான். சாலிஞ்சர் இந்த ஒருவரிடம் கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

தீட்டியவர்களின் கதி? அச்சானதும் மூலப் படங்களைப் பதிப்பகத்தார் வைத்துக்கொண்டனர். கிடங்கு நிறைந்ததும் குப்பையில் போட்டனர். ஆயிரக்கணக்கான எண்ணெய் வண்ண ஓவியங்கள் அழிந்தன. ராபர்ட் லெசர் என்னும் ஒருவர் எஞ்சியவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். 2003இல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டிக் காட்டியது. கடைக்கம்பியில் தொங்கியபோது இழிபொருள். அருங்காட்சியகச் சுவரில் கலைச்செல்வம். அம்மையார் பிரண்டேஜ் அதைக் காணவில்லை. 1976இல் வறுமையிலேயே மறைந்தார்.

மாணவனிடம் இவற்றையெல்லாம் வகுப்பு முடிந்தபின் கூறினோம். மற்ற மாணவரும் நின்று கேட்டனர். வகுப்பறியக் கடிந்ததற்கு, வகுப்பறியவே வருத்தம் தெரிவித்தோம். அவன் நூலை எடுத்துக் காட்டினான். செய்தித்தாளால் உறை போட்டு, அதன்மேல் மையால் பெரிதாக ‘1984’ என்று எழுதியிருந்தான். ஆர்வெலின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தோம்.